மழை பெய்தால் நெட் போகிறது. புது ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஃபைபர் இணைப்பு. மழை பிடித்து அரை மணி நேரத்தில் நெட் போய்விடுகிறது. மழை விட்டாலும் வருவதில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் தானாக வந்துவிடுகிறது. கரண்ட் இருக்கும்போதும் இதே கதைதான். பக்கத்து வீட்டிலும் அதே கம்பெனி இணைப்பு, அங்கே ஒரு தொல்லையும் இல்லை. கேபிள்காரர், 'ரவுட்டர் பழசு, மாத்திடுங்க' என்கிறார். மாற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்குள் நனையாமல் இருக்கும் ரவுட்டருக்கு மழை பெய்வது எப்படித் தெரியும்? கோளாறு வெளியே இருக்கிறது. எங்கே என்பதற்கான விடையில் முக்கால்வாசி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மழை வந்தால் டிடிஎச் தட்டில் படம் போகும். அது வானத்திலிருந்து வரும் சிக்னலை மழைத்துளிகள் விழுங்குவதால். ஃபைபரில் அப்படி இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி போகிறது. வெளியே எவ்வளவு கொட்டினாலும் அதற்குக் கவலையில்லை. தண்ணீர் தொந்தரவு கொடுப்பது இழை முடிந்து இன்னொன்றோடு சேரும் இடங்களில்தான்.

மழைக்காலக் கோளாறுகளில் நான் முதலில் கேட்பது, எப்போது போச்சு, எப்போது வந்துச்சு என்பதைத்தான். கரண்ட் போன நொடியில் போய், கரண்ட் வந்த சில நிமிடங்களில் திரும்பினால் அது மின்சாரப் பிரச்சினை: உங்கள் வீட்டில், அல்லது கேபிள்காரரின் கருவி இருக்கும் இடத்தில். காற்று அடிக்கும்போது விட்டு விட்டு வந்தால், கம்பிமேல் மரக்கிளை உரசுகிறது, அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கிறது. இடி விழுந்த பிறகு வரவே இல்லையென்றால் ஏதோ ஒரு போர்ட் எரிந்திருக்கும். மழை ஊறியபின் போய், வெயிலில் காய்ந்து திரும்பினால், அதாவது உங்கள் வீட்டில் நடப்பது போல, எங்கோ தண்ணீர் இறங்குகிறது. பக்கத்து வீட்டில் நெட் ஓடுவதால், கம்பத்துப் பெட்டியில் உங்களுக்கென்று பிரியும் இடத்திலிருந்து உங்கள் ரவுட்டர் வரைக்கும்தான் தேட வேண்டும்.

நம் ஊரில் இது அதிகம் நடக்கக் காரணம் மழையைவிட வெயில். கத்திரியில் வேலூர் வெயில் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பத்தில் கட்டிய பிளாஸ்டிக் பெட்டி வெளிறி விரிசல் விடும், சுற்றிய டேப் பசை காய்ந்து பிரிந்து தொங்கும். அது வரைக்கும் ஒன்றும் தெரியாது. கோடை மழை ஒன்று காற்றோடு வந்து இறங்கும்போதுதான் தெரியும்.

அடுத்து, ரவுட்டரின் பின்பக்கம் பாருங்கள். வெளியிலிருந்து வரும் கம்பியின் முனையில் பச்சை அல்லது நீல நிறத்தில் சதுரமான பிளாஸ்டிக் கனெக்டர் இருந்தால் நிஜமாகவே ஃபைபர் உங்கள் வீடு வரை வருகிறது. கம்ப்யூட்டரில் செருகும் லேன் கேபிள் போலக் கண்ணாடி நிற கிளிப் முனை இருந்தால், ஃபைபர் கம்பத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வருவது செம்புக் கம்பி. இதையும் ஃபைபர் என்றே சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்த முனையில் தண்ணீர் பட்டால் பின்கள் பச்சை பூத்துவிடும். கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். வெட்டிவிட்டு புதுக் கிளிப் அடித்தால் போதும்.

சதுர கனெக்டர் என்றால், அடுத்த மழையில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா, மின்னுகிறதா என்று பார்த்து போனில் படமெடுங்கள். சிவப்பு என்றால் உங்கள் ரவுட்டருக்கு ஒளி வரவில்லை என்று அர்த்தம். இரண்டு, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், பல மாடல்களில் ஆர்எக்ஸ் பவர் என்ற எண் இருக்கும்; ரவுட்டருக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதன் அளவு அது (முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). அது மைனஸில் வரும். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருந்தால் ரவுட்டர் வேலை செய்யும். மைனஸ் 25-ஐத் தாண்டினாலே விளிம்பில் நிற்கிறது. வெயில் நாளில் ஒருமுறை குறித்து வையுங்கள், மழையில் ஒருமுறை பாருங்கள். 3 புள்ளி இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. வெயிலில் மைனஸ் 20 காட்டியது மழையில் மைனஸ் 27, 28 என்று போனால், எந்த டெக்னீஷியனும் அதற்குமேல் ரவுட்டரைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் ஃபாஸ்ட் கனெக்டர் என்று கையால் மாட்டிய முனைதான் காரணமாக இருக்கும். அதை மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் மெஷின் வைத்து ஒட்டச் சொல்லுங்கள், அது மழைக்குத் தாங்கும். கழற்றிய ஃபைபர் முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கம்பி சுவர் ஓட்டைக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். மேலிருந்து நேராக உள்ளே வந்தால் மழைத்தண்ணீர் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வரும். ஓட்டைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, வளைத்து மேலேற்றி உள்ளே விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வளைவு அகலமாக இருக்கட்டும்; இறுக்கி மடித்தால் ஒளி கசியும்.

கரண்ட்டோடு நெட் போகிறவர்களுக்கு: ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும், வாங்கும்முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் அணைந்து எரிந்தால், இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். இடி இடிக்கும்போது, லேன் கேபிள் வைத்திருப்பவர்கள் மின்பிளக்கோடு அந்தக் கேபிளையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்குவது பாதி வேலைதான்.

கேபிள்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு நிறுத்தாமல், கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். "நெட் வரவில்லை" என்று மட்டும் பதியாமல், "மழையில் ஒளி குறைகிறது, கம்பத்திலிருந்து வரும் கனெக்டரைச் சோதிக்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். வெயிலில் வந்து பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று போகிறவரிடம் அந்த இரண்டு எண்களையும் படத்தையும் காட்டுங்கள். அப்படியும் புகாரை மூடிவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தப் புகார் எண்ணை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.