பூட்டியும் சைக்கிள் போவது ஏன்?

கேள்வி: முன் சக்கரத்தைக் கம்பத்தோடு சேர்த்து கேபிள் பூட்டு போடுகிறேன். போதுமா?

பதில்: போதவே போதாது. கேபிளுக்குள் இருப்பது மெல்லிய கம்பி இழைகளின் முறுக்கு. சின்ன கட்டர் அதைச் சில நொடிகளில் கடித்து அறுத்துவிடும். க்விக் ரிலீஸ் லிவர் (கருவி இல்லாமலே சக்கரத்தைக் கழற்றும் சிறு நெம்புகோல்) உள்ள முன் சக்கரமோ கையாலேயே கழன்றுவிடும், மிஞ்சுவது சக்கரம் மட்டும்தான்.

கடினமாக்கிய எஃகில், 13 மி.மீ.க்குக் குறையாத தடிமனுள்ள யூ பூட்டு (ஆங்கில U வடிவப் பூட்டு) வாங்குங்கள். ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுங்கள். யூவுக்குள் காலி இடம் விடாதீர்கள்; அங்கேதான் ஜாக்கியை நுழைத்து விரித்து உடைக்கிறார்கள். அதனால் சின்ன அளவே நல்லது. கம்பத்தையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அது பிடுங்கிக்கொண்டு வந்தால் எந்தப் பூட்டும் வீண்.

சைக்கிளை அடையாளம் காட்டும் ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். துடைத்துவிட்டு இன்றே படமெடுத்து வையுங்கள்.