சோளக்காட்டு டிக்கெட்டும் சட்டமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டொராண்டோவிலிருந்து அண்ணன் குடும்பம் ஆகஸ்டில் லண்டன் வந்திருந்தது. எல்லோருமாகப் போகலாம் என்று கெண்ட் பகுதியில் ஒரு பண்ணையின் மக்காச்சோளப் புதிர்ப்பாதைக்கு (சோளக்காட்டுக்குள் வெட்டிய வளைந்த வழிகளில் புகுந்து, வெளியேறும் வழி தேடும் விளையாட்டு), தலைக்கு 18 பவுண்டு வீதம் ஏழு டிக்கெட் இணையத்தில் எடுத்தேன். அன்று விடியற்காலையிலிருந்தே கொட்டித் தீர்த்தது மழை. நாங்கள் கிளம்பவில்லை. பணத்தைக் கேட்டால், "பண்ணை திறந்துதான் இருந்தது" என்கிறார்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாள்களுக்குள் ரத்து செய்யலாம் அல்லவா? கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். (வாசகி, லூயிஷம்)

பதில்: செய்ய முடியாது, அம்மா. அந்த 14 நாள் உரிமை பிரிட்டனின் 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் வருவது. புடவை, செருப்பு, மிக்சி என்று பொருள் வாங்கினால் அது கைகொடுக்கும். குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் பொழுதுபோக்கு டிக்கெட்டுகளுக்கு அதே விதிகள் விலக்கு அளித்திருக்கின்றன. நீங்கள் வராவிட்டாலும் அன்றைய ஆட்களுக்குப் பண்ணைக்காரர் கூலி கொடுத்தாக வேண்டுமே என்பதுதான் அதன் நியாயம்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு, வாங்கியதில் குறை இருந்தால் வங்கியையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் அந்தப் பிரிவு பொருந்த 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டியது மொத்தத் தொகை அல்ல, தனியொரு பொருளின் விலை. உங்கள் ரசீதில் 126 என்று இருந்தாலும் ஒரு டிக்கெட் 18தான். அதோடு, பண்ணை தன் பங்கைச் செய்யத் தயாராக இருந்தது. பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி வங்கியிடம் முறையிட்டாலும் இதே காரணத்தால் நிற்காது. மழைக்குப் பண்ணையே கதவை மூடியிருந்தால் கதை வேறு. அப்போது பணத்தைத் தாராளமாகக் கேட்கலாம்.

இனி உங்களுக்கு மிஞ்சியிருப்பது தன்மையான ஒரு மின்னஞ்சல். அதில் பணத்தைக் கேட்காதீர்கள், வேறு தேதியைக் கேளுங்கள். சோளம் நிற்கும் வரைதான் இவர்களுக்கு வியாபாரம். பள்ளி திறந்த பிறகு வரும் செப்டம்பர் ஞாயிறுகளில் கூட்டம் குறைந்திருக்கும், ஏழு பேர் கூடுதலாக வருவது அவர்களுக்குச் சுமை இல்லை. அண்ணன் குடும்பம் அதற்குள் விமானம் ஏறிவிட்டால் அந்த டிக்கெட்டுகளில் நண்பர்களை அனுப்பலாமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அடுத்த முறை, தேதி மாற்றும் வசதி உண்டா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் போனோம், அதுதான் வருத்தம்! டிராக்டர் சவாரி, பன்றி ஓட்டப் பந்தயம் என்று இணையதளத்தில் போட்டிருந்தார்கள். இரண்டும் அன்று இல்லை. சோளம் என் இடுப்புக்குத்தான் வந்தது. உள்ளே நுழைந்ததுமே வெளியேறும் வழி தெரிந்தது. போதாததற்கு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் முன்பதிவுக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். (வாசகர், லெஸ்டர்)

பதில்: உங்களுக்கு வழக்கு இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 50ஆம் பிரிவின்படி, ஒரு சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். போன நாளைத் திரும்ப நடத்த முடியாது என்பதால் விலையில் ஒரு பங்கைக் கேளுங்கள். சவாரியும் பந்தயமும் விளம்பரப்படுத்தப்பட்ட பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளை அது மாறியிருக்கலாம். முழுத் தொகையைக் கேட்டு முறைக்காதீர்கள். பிள்ளைகள் மற்றதில் எல்லாம் விளையாடியிருப்பார்களே.

சோளத்தின் உயரம் சற்றுச் சிக்கல். வசந்தத்தில் விதைத்து, பயிர் சிறிதாக இருக்கும்போதே வடிவத்துக்கேற்ப வழிகளை வெட்டிவிடுகிறார்கள். பிறகு அது ஆளுயரம் தாண்டுவது வெயிலையும் மழையையும் பொறுத்தது. ஜூலை நடுவில் திறந்த கையோடு போனால் இடுப்பளவுப் பயிர் அதிசயம் அல்ல. ஆனால் "உங்கள் தலைக்கு மேல் சோளம்" என்று எழுதி விற்றிருந்தால் அந்த வரி உங்கள் பக்கம்.

கட்டண விஷயத்தில் சட்டம் இப்போது கறாராக இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத கட்டணங்களைக் கடைசிவரை ஒளித்துவைக்கக் கூடாது. தொடக்கத்தில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும். நுகர்வோருக்கு ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிடம் புகார் கொடுங்கள். இந்தக் கடைசிப் பக்கத் தந்திரத்தை நான் பொறுப்பதே இல்லை.

கேள்வி: வாசலில் "காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை இருக்கிறதே?

பதில்: நிர்வாகத்தின் கவனக்குறைவால் உங்களுக்குக் காயம் பட்டால் அந்தப் பலகை செல்லாது. தானே தடுக்கி விழுந்தால் அது வேறு. சோளத்தண்டின் அடியிலிருந்து விரல்கள்போல் வேர்கள் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடுகிற பிள்ளையின் கால் அதில்தான் மாட்டும். இலையின் ஓரமும் முழங்கையைக் கீறும். மூடிய காலணி, முழுக்கைச் சட்டை அவசியம்.

கேள்வி: யார்க் பக்கம் உள்ள புதிர்ப்பாதை மிகப் பெரியது என்கிறார்கள். தள்ளுவண்டியோடு போகலாமா? கதிர் பறிக்க விடுவார்களா?

பதில்: யார்க் மேஸ் சுமார் 15 ஏக்கர். காய்ந்த நாளில் தள்ளுவண்டி போகும், மழைக்கு மறுநாள் சக்கரம் சேற்றில் புதையும், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வதே மேல். கதிரில் கை வைக்காதீர்கள். இத்தகைய காடுகளில் பெரும்பாலும் நிற்பது மாட்டுத் தீவனச் சோளம். சுட்டாலும் அவித்தாலும் நாம் எதிர்பார்க்கும் இனிப்பு வராது.