காமன் எரிந்தானா, எழுந்தானா? புராணக் கதைகளின் உட்பொருள் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் சைவநெறி கற்பித்து ஓய்வு பெற்ற நான், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டனுக்கு அருகே ஒரு கோயில் மண்டபத்தில் அறநெறி வகுப்பு நடத்தி வருகிறேன். புராணக் கதைகளின் உட்பொருள் குறித்து நண்பர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். நான் ஓரளவு படித்தவை கந்தபுராணம், திருமந்திரம், மெய்கண்ட சாத்திரங்கள் ஆகியவையே. சோதிடமும் வாஸ்துவும் என் துறை அல்ல. தொடங்குமுன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பின்னும் பலமுறை சொல்வேன்: கதையின் ஒரு பகுதியை மறைத்தால்தான் நிற்கும் என்ற நிலையில் உள்ள உட்பொருள் பிழையான உட்பொருள்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அறநெறி ஆசிரியை: சூரசம்ஹாரம் பார்த்த ஒரு சிறுமி, "முருகன் அன்பானவர் என்றால் ஏன் கொல்கிறார்?" என்று கேட்டாள். சூரன் என்பது ஆணவம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது போதுமா ஐயா?

போதாது, மகள். நீங்கள் சொன்னது சரியானதுதான்; ஆனால் பாதியில் நின்றுவிட்டது. சூரனின் தம்பியர் தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், அண்ணன் சூரபன்மன் ஆணவம் என்று, உயிரைப் பற்றிய அழுக்குகளாகிய மூன்று மலங்களோடு மூவரையும் பொருத்துவது நம்மிடம் நெடுங்காலமாக வழங்கும் விளக்கம். அதை வாய்ப்பாடாக ஒப்புவித்தால் பிள்ளைகளுக்குச் சலிப்புத்தான் வரும். கதையின் நுணுக்கங்களைக் காட்டுங்கள். தாரகனுக்குத் துணையாக நிற்பது கிரவுஞ்ச மலை. அதற்குள் புகுந்த முருகனின் தளபதி வீரவாகுவும் படையினரும் வழி தெரியாமல் மயங்கி விழுகிறார்கள். மாயை செய்வது அதைத்தான். சிங்கமுகனின் தலைகளோ வெட்ட வெட்ட முளைக்கின்றன. ஒரு வினையை அனுபவித்துத் தீர்க்கும்போதே அடுத்த வினையை ஈட்டிக்கொள்ளும் நம் வாழ்க்கையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா?

சூரனிடம் வரும்போது கதை இன்னும் நுட்பமாகிறது. முருகன் தன் பேருருவைக் காட்டியதும் சூரனுக்கு உண்மை விளங்கிவிடுகிறது. இவரைப் "பாலன் என்றிருந்தேன் அந்நாள்" என்று அவனே சொல்லி உருகுகிறான். காட்சி மறைந்ததும் பழைய சூரனாகவே மாறிப் போருக்கு நிற்கிறான். கோயிலில் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் அடுத்த வீட்டுக் காம்பராக்காரரோடு தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை பிடிக்கும் நாம் அனைவரும் அந்த இடத்தில் இருக்கிறோம். இறுதியில் அவன் கடல் நடுவே மாமரமாகி நிற்க, வேல் அதை இரு கூறாக்க, ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் எதிர்த்து வருகின்றன. முருகன் அவற்றைக் கொல்லவில்லை. அருளோடு பார்க்கிறான், ஒன்று ஊர்தியாகிறது, மற்றது கொடியாகிறது. ஆணவ மலம் அழிவதில்லை, அதன் வலிமை மட்டுமே அடங்கும் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் அதை மயிலாக்கிப் பறக்க விட்டிருக்கிறார். அந்தச் சிறுமியிடம், "சூரன் எங்கே போனான் என்று கோயிலுக்குள் தேடிப் பார்" என்று சொல்லுங்கள். மயிலை அவளே கண்டுபிடிப்பாள்.

நானுஓயாவிலிருந்து: இராவணன் ஒன்பது தலைகளை வெட்டிக் கொடுத்தும் பத்தாவதை மட்டும் கொடுக்கவில்லை, அந்தப் பத்தாவது தலைதான் அகந்தை என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரியா?

கேட்க இனிக்கிறது, ஆனால் பிழை. உத்தர காண்டத்தில் இராவணன் பதினாயிரம் ஆண்டுகள் தவம் செய்து, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு தலையாக ஒன்பது தலைகளைத் தீயில் இடுகிறான். பத்தாவதையும் வெட்டப் போகும் நேரத்தில்தான் பிரமன் தோன்றித் தடுக்கிறான். ஆக, அவன் கொடுக்க மறுக்கவில்லை. பேச்சாளர் தமக்குத் தேவையான உட்பொருளுக்காகக் கதையைத் திருத்திவிட்டார்.

அகந்தையைத் தேட வேண்டிய இடம் அதற்கு அடுத்த காட்சி. தேவர், தானவர், இராக்கதர் முதலியோரால் சாவு வரக்கூடாது என்று வரம் கேட்டவன், மனிதரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் தனக்குப் புல்லுக்குச் சமம் என்கிறான். தலையையே கொடுக்கத் துணிந்தவனால், கீழே இருப்பவர்களை ஒரு பொருட்டாக எண்ண முடியவில்லை. நம் மலைகளில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்த தலைமுறையினருக்கு இந்த வரியை யாரும் விளக்கத் தேவையில்லை.

நுவரெலியாவிலிருந்து: சீதா எலியதான் உண்மையான அசோகவனமா?

என் துறை அல்ல. அங்கே போய்க் கும்பிட்டு வாருங்கள், நானும் போவதுண்டு.

பண்டாரவளையிலிருந்து: எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அதன் உட்பொருள் என்ன?

சிவபெருமானின் தவத்தைக் கலைக்க வந்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்தான். நெற்றிக்கண் ஞானத்தைக் குறிக்கும். ஞானம் திறக்கும்போது காமம் சாம்பலாகும். கூத்தின் உட்பொருள் அதுவே.

மாத்தளையிலிருந்து: பாற்கடல் கடைந்த கதை அணுவைப் பிளப்பதைக் குறிக்கிறதாமே?

இல்லை.

தலவாக்கலையிலிருந்து, நாடகத்துறை படிக்கும் ஒரு மாணவர்: பண்டாரவளைக்காரருக்கு நீங்கள் தந்த பதில் என்னை வருத்துகிறது. எங்கள் மக்கள் பதினைந்து நாள் இரவு இரவாக ஆடும் கூத்தை நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். உட்பொருள் என்ற பெயரில் கோயில் பிரசங்கம் கூத்தை விழுங்குகிறது. திருமூலரே கதையை நம்புகிறவர்களை மூடர்கள் என்றுதானே சொன்னார்?

தம்பி, முதலில் திருமூலரைத் தீர்த்துக்கொள்வோம். "முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள், முப்புரம் ஆவது மும்மல காரியம்" என்று அவர் பாடியது உண்மை. ஆனால் அந்தப் பாட்டு தனியாக நிற்பதன்று; இரண்டாம் தந்திரத்தில் சிவனின் வீரச் செயல்கள் நடந்த தலங்களாகிய எட்டு வீரட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பாடிச் செல்லும் பகுதியில் வருவது. கதை வேண்டாம் என்று கருதியவர் எட்டுக் கதைகளை வரிசையாக எடுத்துப் பாடமாட்டார். கதையோடு நின்றுவிடுபவரையே அவர் கடிகிறார். கதைக்குள் போகாமல் கருத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடுபவரைக் கண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு பாட்டு வைத்திருப்பார்.

கூத்தை நான் இழிவாகக் கருதவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் ரதி வேடம் கட்டியவர் பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். மாசிப் பனியில் தோல் தளர்ந்துபோகும் தப்பு மேளத்தை வைக்கோல் தீயில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். வைக்கோல் சுற்றிய கம்பம் எரிந்து சரிந்த அந்த இரவில், வெள்ளைச் சேலையோடு ரதி ஒப்பாரி வைத்தபோது, என் பக்கத்தில் நின்ற அத்தை தன் தாலிக்கயிற்றை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது. இருந்தாலும், அழுகையோடு நின்றுவிடாமல் அதன் பொருளைக் கேட்பதில் என்ன குற்றம்?

பொகவந்தலாவையிலிருந்து: இராவணனின் பத்துத் தலைக்கு உட்பொருள் என்ன?

மேலே பதில் இருக்கிறது.

பதுளையிலிருந்து: இராவணன் என்ற பெயரை "இரா வண்ணன்", அதாவது இருள் நிறத்தவன் என்று பிரித்தால் அறியாமை என்ற பொருள் வருகிறதே?

சொல்லைப் பிரித்து விளையாடாதீர்கள். இந்த எச்சரிக்கையை என் வகுப்புப் பலகையில் நிரந்தரமாகவே எழுதி வைத்திருக்கிறேன். கயிலையின் அடியில் அகப்பட்டு அவன் அலறிய அலறலால் உலகம் நடுங்கியதால் அந்தப் பெயர் வந்தது என்று இராமாயணமே சொல்கிறது. அது வடமொழிச் சொல். அதைத் தமிழில் வெட்டினால் எந்தப் பொருளும் வரும், ஆகவே ஒரு பொருளும் வராது. அதே நெருக்குண்ட இராவணனைச் சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் வைத்து, அவன் பெற்ற அருளையும் பாடுகிறார். "இராவணன் மேலது நீறு" என்ற வரியைத் திருநீற்றுப் பதிகத்தில் நாம் எல்லோரும் பாடுகிறோம். அங்கே தேடுங்கள், நிறையக் கிடைக்கும்.

இராகலையிலிருந்து ஒருவர்: ஐயா, என் அப்பா காமன் கூத்து மாஸ்டர். எரித்ததோடு கூத்து முடிந்தது போல எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் காமனை எழுப்புவோமே, அதைப் பார்த்ததில்லையா? கதையின் ஒரு பகுதியை மறைத்தால் உட்பொருள் பிழை என்று நீங்கள்தானே தொடக்கத்தில் சொன்னீர்கள்?

நான் வகுத்த விதியிலேயே என்னைப் பிடித்துவிட்டீர்கள். பார்த்ததில்லை. தீ அணைந்ததும் எங்களைப் போன்ற சிறுவர்களைத் தூக்கத்தோடு எங்கள் குடியிருப்பான லயத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுப்புகிற நாளில் எங்களுக்குப் பள்ளிக்கூடம். ஆனால் அது சாக்காக ஆகாது. ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிச் சிவபெருமான் மன்மதனை மீண்டும் எழுப்பி, அவள் கண்ணுக்கு மட்டும் உருவோடும் மற்றவர்க்கு உருவமின்றியும் இருக்க அருளினார் என்பதைக் கந்தபுராணத்தில் பலமுறை படித்திருக்கிறேன். படித்திருந்தும், பண்டாரவளைக்காரருக்குப் பதில் எழுதும்போது நான் கண்ட தீயை மட்டும் எழுதினேன்.

ஆகவே அந்தப் பதிலை மீட்டுக்கொண்டு மறுபடி தொடங்குகிறேன். காமம் சாம்பலாவதுதான் முடிவு என்றால், மூன்றாம் நாளுக்கு வேலையே இல்லை. தவத்தில் இருந்த சிவனின் மேல் காமன் கணை தொடுத்தது ஏன்? சூரனால் வதைபட்ட தேவர்களுக்கு ஒரு மைந்தன் தேவைப்பட்டான். காமன் எரிந்த பிறகு உமையின் திருமணம் நடக்கிறது, குமரன் தோன்றுகிறான். எரிந்தவன் எரிந்தபடியே கிடந்தால் உலகம் நடக்காது. திருமூலர் அதே வீரட்டப் பகுதியில் காமன் எரிந்த தலமான திருக்குறுக்கையைப் பாடும்போது, "திருந்திய காமன் செயல் அழித்து" என்று சொல்கிறார். காமனை அழித்து என்று சொல்லவில்லை. மனத்தை ஒருநிலையில் இருத்திய யோகிக்கு முன் காமனின் செயல் ஓய்கிறது. காமன் இருக்கிறான், அதுவும் திருந்திய காமனாக இருக்கிறான். இந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ முறை வகுப்பில் ஓதியிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. மேலே மஸ்கெலியா ஆசிரியைக்குச் சூரன் அழியவில்லை, மயிலானான் என்று அவ்வளவு விரிவாக எழுதியவன், காமனுக்கு மட்டும் சாம்பலை விதித்துவிட்டேன்.

தலவாக்கலைத் தம்பிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கோயில் பிரசங்கம் கூத்தை விழுங்குகிறது என்ற உங்கள் குற்றச்சாட்டு என் முதற்பதிலைப் பொறுத்தவரை நியாயமானதே. ஆனால் உட்பொருள் தேடுவதே தவறு என்பதை இப்போதும் ஏற்கமாட்டேன். இராகலைக்காரர் என்னைத் திருத்தியது உட்பொருளைக் கைவிட்டு அல்லவே. கூத்தின் மூன்றாம் நாளைக் கொண்டுவந்து, அதற்கும் சேர்த்துப் பொருள் சொல் என்றுதானே கேட்டார்?

அதே தலவாக்கலை மாணவர்: அப்படியானால் உங்கள் அத்தையின் அழுகைக்கு உட்பொருள் என்ன?

அதற்கு உட்பொருள் சொல்லமாட்டேன். அது அவருடைய அழுகை. என் மாமா அந்த வருடம் நோயில் கிடந்தார்.

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு மாணவி: என் அம்மா கொழுந்து பறிப்பவர். வள்ளி தினைப்புனம் காத்த கதையைச் சொன்னால் உடனே கவனமாகக் கேட்பார். அவருக்கு எப்படி உட்பொருள் சொல்வது?

வள்ளி மானின் வயிற்றில் பிறந்து வேடர் குடியில் வளர்ந்தவள். சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம், ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்திருந்த உயிருக்கு, முதல்வனே குருவாக வந்து "நீ யார்" என்று உணர்த்துவதைப் பேசுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வள்ளி முருகனைத் தேடிப் போகவில்லை. பரண்மேல் நின்று கவண் எறிந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவன்தான் வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக மாறி மாறி அந்தப் புனத்துக்கே வந்தான். உங்கள் அம்மாவுக்கு இந்த ஒன்றைச் சொன்னால் போதும். மீதியை அவர் உங்களுக்குச் சொல்வார்.

இரத்தினபுரியிலிருந்து: முனியாண்டி, மாடசாமி கதைகளின் உட்பொருள்?

அவை நூலுக்குள் அடங்காதவை. உங்கள் தோட்டத்துப் பூசாரியிடம் கேளுங்கள், நான் பொருள் கற்பித்தால் அது என் கற்பனையாகவே இருக்கும்.

ஹப்புத்தளையிலிருந்து: இராவணனின் பத்துத் தலை...

மேலே பார்க்கவும். இரண்டாவது பதில்.

அட்டனிலிருந்து: சீதா எலியவில் அனுமன் பாதம் இருக்கிறதாமே?

மூன்றாவது பதில். இனி இந்த இரண்டையும் யாரும் கேட்கவேண்டாம் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

இராகலைக்காரர் மீண்டும்: ஐயா, அப்பாவிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "எழுப்புற பாட்டை வாத்தியார் கேட்டதே இல்லையா?" என்றார்.

கேட்டதில்லை. வரும் மாசியில் மூன்றாம் நாள் இராகலைக்கு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அதற்கு முன், அந்தப் பாட்டை அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தவேண்டாம், அவர் உச்சரிப்பது எப்படியோ அப்படியே எழுதுங்கள்.