ஊதா இலைக்குத் துணை எந்தப் பூ? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மாடித்தோட்டத்தில் ஊதா இலையுள்ள பர்ப்பிள் ஹார்ட் செடியையும் வாடாமல்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம் என்பதால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் இரண்டுமே கண்ணில் படவில்லை. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அடர்ந்த ஊதா இலை வெளிச்சத்தை விழுங்கிவிடும். பத்தடி தள்ளினால் வெறும் நிழலாகத்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் பூவும் அடர்நிறமானால் அதுவும் அதில் கரைந்துவிடும். நடுவில் வெளிறிய நிறம் ஒன்று வேண்டும். எலுமிச்சைப் பச்சையில் வரும் கோல்டன் டுராண்டா மலிவானது, வெட்ட வெட்டத் துளிர்க்கும். வாடாமல்லியையே விட மனமில்லையென்றால் அதில் வெள்ளை ரகம் இருக்கிறது.

ஊதாவை உண்மையில் தூக்கிக் காட்டுவது ஆரஞ்சு. உடனே கனகாம்பரத்துக்குப் போய்விடாதீர்கள். அதற்கு அரைநிழல் பிடிக்கும், பர்ப்பிள் ஹார்ட்டுக்கு நல்ல வெயில் வேண்டும். ஆரஞ்சு துலுக்கச் சாமந்தி வெயிலுக்குச் சளைக்காது. நிறப்பொருத்தத்துக்கு முன்னால் வெயில்பொருத்தம் பாருங்கள். அளவும் முக்கியம்: பச்சை மூன்று பங்கு என்றால் ஊதா ஒரு பங்கு போதும்.

பர்ப்பிள் ஹார்ட் செடியைக் காலையில் குனிந்து பாருங்கள். தண்டு நுனியில், ஒட்டி மடிந்த இரண்டு இலைகளுக்கு நடுவே மூன்றிதழ் இளஞ்சிவப்புப் பூ ஒன்று எட்டிப் பார்க்கும். மதியத்துக்கு மேல் தேடினால் கிடைக்காது.

கேள்வி: வாங்கும்போது கருஊதாவாக இருந்த பர்ப்பிள் ஹார்ட் செடி, வரவேற்பறையில் வைத்த பிறகு பச்சையடித்து நெட்டையாக வளர்கிறது. உரம் போடலாமா?

பதில்: வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இன்னும் பச்சையாகும். ஊதாவைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி நல்ல வெளிச்சத்தில்தான் இலையில் திரளும். நெட்டைத் தண்டுகளைச் சாண் அளவுக்கு நறுக்கி மண்ணில் செருகுங்கள், வேர்விட்டுவிடும். தொட்டியை ஒரேயடியாக உச்சிவெயிலில் தள்ளாமல் சில நாட்கள் பழக்குங்கள். தண்டின் சாறு சிலருக்கு அரிக்கும், கையுறை நல்லது.

கேள்வி: என் பால்கனியில் காலை வெயில் மட்டுமே விழும். அங்கே ஊதா எடுபடுமா?

பதில்: தாராளமாக. மியான்மரைத் தாயகமாகக் கொண்ட பெர்சியன் ஷீல்ட் இதற்கென்றே பிறந்தது. ஊதா இலைமேல் வெள்ளிப் பூச்சு, குறுக்கே கரும்பச்சை நரம்புகள். அதனால் நிழலிலும் மங்கித் தெரியாது. முதல் பதிலில் தள்ளிவைத்த கனகாம்பரத்தை இங்கே துணைக்கு வையுங்கள். இளஊதா டிசம்பர் பூவும் அழகுதான். இலையின் நிறத்துக்காகவே வளர்க்கும் கோலியஸ் வைத்தால் பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். பூக்க விட்டால் இலையின் செழிப்பு குறையும்.

கேள்வி: தக்காளி நாற்றின் இலைகளுக்கு அடிப்பக்கம் ஊதாவாகிறது. அழகாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாமா?

பதில்: அது பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாக்குறையின் அடையாளம். மண் குளிர்ந்திருந்தாலும் வேரால் மணிச்சத்தை எடுக்க முடியாது. குளிர் விட்டும் நிறம் மாறவில்லையென்றால் மணிச்சத்துள்ள உரம் கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. ஊதா ஆக்சாலிஸ் வைக்கலாமா?

பதில்: அதன் இலையில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, நிறையத் தின்றால் பூனைக்கு ஆகாது. எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம். உங்கள் பூனைக்கு எட்டாத உயரம் எது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.