சைலன்சர் சுட்டது ஏன் தெரியவில்லை?

கேள்வி: வயது 43. இரண்டு வருடமாக இரவானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறது. போர்வை பட்டாலே தாங்கவில்லை. எம்.ஆர்.ஐ., நரம்புக்கு என்.சி.எஸ். (மின்தூண்டல் பரிசோதனை), வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாம் நார்மல். மருந்துக்கடையில் சொல்லி பி12 ஊசி பத்து போட்ட பிறகு பார்த்ததில் அதுவும் நார்மல். "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார் வீட்டுக்காரர். போன மாதம் பைக் சைலன்சர் கணுக்காலுக்கு மேல் சுட்டது தெரியாமல் கொப்புளமாகி, நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. அதற்கும் திட்டு. மனநல மருத்துவரைப் பார்க்கவா?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மனநல மருத்துவர் இருக்கட்டும். முதலில் அந்தச் சைலன்சருக்கு வாருங்கள்.

சூடான சைலன்சர் பட்டால் தூக்கத்தில் இருப்பவர்கூடக் காலை இழுத்துக்கொள்வார். உங்களுக்குக் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. அதைப் போய்க் கல்யாணத்துக்குப் போகாததற்குச் சாக்காக ஒரு வரியில் எழுதுகிறீர்கள்! டாக்டரிடம் சொன்னீர்களா? எரிச்சலைச் சொல்லியிருப்பீர்கள், இதை விட்டிருப்பீர்கள். எரிகிற காலுக்குச் சூடு உறைக்கவில்லை என்றால், அதை மனசின் தலையில் கட்ட முடியாது.

என்.சி.எஸ். அளப்பது தடித்த நரம்பு இழைகளை மட்டும். சூடு, குளிர், குத்தல் வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளை அது பார்ப்பதே இல்லை. அவை மட்டும் கெட்டிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வரும். எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது. 'ஸ்மால் ஃபைபர் நியூரோபதி' என்பார்கள். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கேதான் தேட வேண்டும்.

இன்றிரவே வீட்டுக்காரரை உட்கார வையுங்கள். இரண்டு ஸ்டீல் ஸ்பூன். ஒன்று ஐஸ் தண்ணீரில், இன்னொன்று குளிக்கிற சூட்டிலுள்ள வெந்நீரில், ஒரு நிமிடம். சூட்டை அவர் கையால் பார்க்கட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். கண்ணை மூடுங்கள். பாதத்திலிருந்து தொடை வரை மாற்றி மாற்றி வைத்து, சூடா குளிரா என்று கேட்கட்டும். எந்த உயரம் வரை தப்பாகச் சொல்கிறீர்களோ அங்கே பேனாவால் ஒரு கோடு. பெண்டாட்டி காலைத் தொட்டுப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னவருக்கு இந்த வேலை தகும். நரம்பு மருத்துவரிடமும் அவர் கூட வரவேண்டும். மாமியாருக்கு உடம்பு என்றால் ஆட்டோ பிடித்துக் கூடவே ஓடுகிற நம் பெண்கள், தனக்கு என்றால் தனியாகப் போய், பாதியைச் சொல்லிவிட்டு, சமையலுக்கு நேரமாச்சு என்று திரும்பிவிடுகிறார்கள். கூட வருவது அவர் செய்யும் உபகாரமல்ல, கடமை.

கொப்புளத் தழும்பை முதலில் காட்டுங்கள். தோல் பயாப்சி தேவையா என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலேயும் தொடையிலும் 3 மி.மீ. தோல் எடுத்து, இழைகளை எண்ணுவார்கள். பெரும்பாலும் தையல்கூட வேண்டாம். ஆனால் எல்லா லேபிலும் இதை எண்ணத் தெரியாது, மாதிரியைப் போட்டு அனுப்பும் திரவமும் வேறு. எந்த லேபுக்குப் போகிறது என்று கேட்டபிறகே எடுக்கச் சொல்லுங்கள்.

காரணத்தையும் தேட வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும். 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை நோய் இல்லைதான், ஆனாலும் அந்த எல்லையில் இருப்பவர்களுக்கும் இந்த நரம்புக் கோளாறு வருவதுண்டு. ஊசிக்குப் பிறகு எடுத்த பி12 கணக்கு, ஊசியின் கணக்கு. முன்பு குறைவாக இருந்ததா என்பதை அது சொல்லாது. கண்ணும் வாயும் உலர்ந்துபோகிறதா? அதையும் சொல்லுங்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

தோல் மருத்துவரையும் பாருங்கள். நிறம் மங்கி, உணர்ச்சியற்ற திட்டு எங்காவது இருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்ப்பார். இவை தொழுநோயின் அடையாளங்கள். தொழுநோய் என்ற பேச்சு எழுந்தாலே வீட்டில் வாயைப் பொத்துவார்கள். பொத்த விடாதீர்கள். அப்படியே இருந்தாலும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், நோய் குணமாகும். மறைத்துவைத்து நாள் கடத்தினால், போன உணர்ச்சி திரும்பாமல் போகலாம்.

அதுவரை எரிச்சலுக்கு ஐஸ் கட்டியோ வெந்நீர்ப் பையோ காலில் வைக்காதீர்கள். கொப்புளம் ஆறிவிட்டதா என்று எழுதவே இல்லையே. ஆறவில்லை என்றால் நாளைக் காலையே அதைக் காட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு.