பூசாத கொங்கிறீற்றில் என்ன அழகு? – கேள்வி பதில்

புருட்டலிசக் கட்டடங்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து முப்பது வருடமாகக் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறேன். பூசாமல், வர்ணம் அடிக்காமல், கொங்கிறீற்றை அப்படியே காட்டி நிற்கும் இந்தக் கட்டடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோபமாக வந்தவை. அவற்றைத்தான் முதலில் எடுத்தேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, புருட்டலிசம் என்றால் மிருகத்தனம் என்றுதானே அர்த்தம்? பெயரிலேயே கொடூரம் இருந்தால் சனத்துக்கு எப்படிப் பிடிக்கும்?

இந்தப் பாணிக்குப் பெயரே பெரிய எதிரியாகிவிட்டது, டீச்சர். பிரெஞ்சில் 'பெட்டோன் புரூட்' என்பார்கள். பெட்டோன் என்றால் கொங்கிறீற். புரூட் என்றால் பச்சையானது, பதப்படுத்தாதது. சூளையில் வைக்காத செங்கல்லைப் பச்சைக்கல் என்கிறோமே, அந்தப் பச்சை. 1947இல் தொடங்கி 1952இல் முடிந்த பிரான்சின் மார்செய் அடுக்குமாடியில் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே 337 வீடுகளைக் கட்டினார். யுத்தம் முடிந்த நேரம், உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் கொங்கிறீற்றுக்குப் போனார்கள். ஒப்பந்தக்காரர்கள் பல பேர், கொங்கிறீற் வார்க்க அடித்த பலகைகளும் பல தரம். பலகையைக் கழற்றியபோது ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மரத்தின் ரேகை, இடையிடையே பொத்தல். அவர் அதைப் பூசி மறைக்கவில்லை, அப்படியே விட்டார். பிறகு 1950களில் இங்கிலாந்தில் கட்டடக்கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதியும் விமர்சகர் ரெய்னர் பென்ஹாமும் இந்தப் பெயரைப் பரப்பினார்கள். ஆங்கிலக் காதில் அது 'புரூட்டல்' என்று விழுந்தது. அப்போது பிடித்த சனி இன்னும் விடவில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு கடைக்காரர்: சேர், நான் வீடு கட்டும்போது காசு முடிந்து மூன்று வருடம் சுவர் பூசாமல் கிடந்தது. போகிற வருகிற ஆட்களெல்லாம் "எப்ப பூசுற?" என்று கேட்டுக் கேட்டு, உம்மாவுக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லை. வெளிநாட்டில் அதையே காசு கொடுத்துச் செய்கிறார்களா?

நம்முடைய பக்கத்தில் இந்தப் பாணி ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. கிடுகு வீட்டிலிருந்து கல்வீட்டுக்கு வந்த சனம் நாங்கள். கல்வீடு என்பது ஒரு தலைமுறையின் உழைப்பு. அதில் கடைசி வேலை பூச்சும் பெயின்றும். அதைச் செய்தால்தான் வீடு முடிந்தது என்று ஊர் ஒப்புக்கொள்ளும். பூசாத சுவர் என்றால் எங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான்: காசு முடிந்துவிட்டது. மத்திய கிழக்கிலிருந்து பணம் வரவில்லை, மகளின் கலியாணம் இடையில் வந்துவிட்டது, இப்படி ஏதோ ஒன்று. அந்தச் சுவரைப் பார்த்து "என்ன நேர்மையான பொருள்!" என்று ஒரு கட்டடக்கலைஞர் வியந்தால், அவருக்கு அந்த வீட்டின் கதை தெரியாது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். உங்களுடைய சுவர் பூசுவதற்காகக் கட்டியது, அதில் அடுக்கு வளைந்தாலும் பூச்சு மறைத்துவிடும். பூசாமல் விடுவதற்கென்று வார்க்கும் கொங்கிறீற்றில் ஒரு பிழையும் மறையாது. பலகை ஒவ்வொன்றும் மட்டத்தில் நிற்க வேண்டும், மூட்டுகள் கோட்டுக்கு வர வேண்டும். லண்டனில் பார்பிகன் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே கொங்கிறீற் இறுகிய பிறகு தொழிலாளர்கள் சுவர் சுவராகக் கொத்தி, உள்ளேயிருந்த கல்லை வெளியே கொண்டுவந்தார்கள். பூச்சைவிட அதற்குப் பல மடங்கு உழைப்பு. அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு அந்தச் சுவர் கோயில் கல்வேலை போலத்தான் தெரிகிறது.

ஏறாவூர்: படித்தவர்கள் ஆகா என்கிறார்கள், சாதாரண சனம் சீ என்கிறது. யாருக்குக் கண் பழுது?

இரண்டு பேருக்கும் கண் நல்லாத்தான் இருக்கிறது, நிற்கும் இடம் வேறு. கட்டடக்கலைஞர் உள்ளே வெளிச்சம் எப்படி விழுகிறது, பாரம் எந்தத் தூணில் இறங்குகிறது என்று பார்ப்பார். சனம் மழை நாளில் அதன் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும். பொஸ்டன் நகர மண்டபம் 1968இல் முடிந்தது. கட்டடக்கலைஞர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்தார்கள். நகரவாசிகளில் பலருக்கு அது கண்ணில் பட்டாலே ஆகாது. 2006இல் மேயரே அதை விற்றுவிடலாம் என்றார். 2025இல் அதே நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

லண்டன் தேசிய நாடக அரங்கைப் பார்த்து, அணு மின்நிலையம் போல இருக்கிறது என்று 1988இல் அப்போதைய இளவரசர் சார்ல்ஸ் சொன்னார். 2001இல் நடந்த ஒரு வாசகர் வாக்கெடுப்பில் அதே அரங்கு மிகவும் வெறுக்கப்பட்ட முதல் ஐந்திலும் மிகவும் விரும்பப்பட்ட முதல் ஐந்திலும் வந்தது.

கல்முனையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: இப்படியான அடுக்குமாடிகளில் களவும் போதையும் பெருகியதால்தான் இடித்தார்கள் என்று வாசித்தேன். அண்ணா, கட்டடத்தின் வடிவம்தான் காரணமா?

வடிவத்துக்கும் பங்கு இருக்கிறது தம்பி, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீண்ட ஒதுக்குப்புற நடைபாதை, யாருடைய கண்ணும் படாத படிக்கட்டு, இவை எந்த ஊரிலும் பிழையான வேலைதான். ஆனால் ட்ரெலிக் கோபுரத்தைப் பாருங்கள். 31 மாடி, லண்டன், 1972. திறந்து சில வருடத்துக்குள் பயங்கரமான இடம் என்று பெயர் வாங்கிவிட்டது. பிறகு குடியிருப்பாளர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். வாசலில் காவலாள் வந்தார், கதவுக்குப் பூட்டு வந்தது. 1998இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. இன்று அங்கே ஒரு வீடு வாங்குவது லேசான காரியமில்லை. அதே கொங்கிறீற், அதே லிஃப்ட் கோபுரம். மாறியது பராமரிப்பு மட்டும்.

அதே நகரத்தில் அதே 1972இல் முடிந்த ரொபின் ஹூட் கார்டன்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 2017இல் இடிக்கத் தொடங்கினார்கள். விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகம் அதில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டது. மூன்று மாடித் துண்டை அருங்காட்சியகத்தில் வைப்பதற்குள்ள அக்கறையில் கால்வாசியை அங்கே குடியிருந்த சனத்தின் லிஃப்டுக்குக் காட்டியிருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆரையம்பதி: இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு யுத்த காலத்து இராணுவக் காவலரண், அந்தச் சென்றிப் பொயின்ற்தான் ஞாபகம் வருகிறது. அழகு என்று சொல்ல மனம் வரவில்லை. பிழையாக எடுக்க வேண்டாம்.

பிழையாக எடுக்கவில்லை. நானும் பாலத்தடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றவன். தடித்த சாம்பல் சுவர், அதில் ஒரு சின்னத் துவாரம், அதற்குப் பின்னால் யாரோ. அந்த உருவம் உடம்பில் பதிந்தவருக்குப் போய், ஒளியையும் நிழலையும் பாருங்கள் என்று பாடம் நடத்த நான் வரமாட்டேன்.

ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரான்சில் நெவேர் என்ற ஊரில் 1966இல் ஒரு தேவாலயம் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அச்சொட்டாகப் பங்கர். கிளோட் பரானும், யுத்தத்துக்குள் பிள்ளைப் பருவத்தைக் கழித்த போல் விரிலியோவும் சேர்ந்து வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். பயந்து ஒளிந்த உருவத்துக்குள்ளேயே சனத்தை இருத்திப் பிரார்த்தனை செய்ய வைத்தார்கள். எனக்கு அது பெரிய தைரியமாகத் தெரிகிறது. அங்கேயும் எல்லாருக்கும் பிடித்தது என்றில்லை.

இன்னொரு ஞாபகமும் எனக்குள் இருக்கிறது. 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த இரவு. எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்கு ஓடினா. அங்கே பிளாட், அதாவது கொங்கிறீற் கூரை, போட்ட ஒரேயோர் அறை இருந்தது. பூச்சில்லை, பெயின்றில்லை. இருபது பேருக்கு மேல் விடியும்வரை அதற்குள் இருந்தோம். கன்னத்தில் பட்ட அந்தச் சுவரின் சொரசொரப்பை இப்போதும் என்னால் உணர முடியும். எனக்குக் கொங்கிறீற் பிடித்தது எந்தப் புத்தகத்தாலும் இல்லை. உங்கள் ஞாபகமும் என்னுடைய ஞாபகமும் ஒரே பொருளைப் பற்றியதுதான்.

நாவலடி: கடலிலிருந்து 300 மீற்றரில் காணி. முன்சுவரைப் பூசாமல் கொங்கிறீற்றாகவே விட ஆசை. விடலாமா?

விடலாம், ஆனால் உப்புக்காற்று சும்மா விடாது. கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் கொங்கிறீற்றை வெடித்துத் தள்ளும். பூச்சு இல்லாததால் கம்பிக்கு வெளியே இருக்கும் கொங்கிறீற் மட்டும்தான் காவல், அதனால் 50 மில்லிமீற்றராவது விடுங்கள். கம்பி பலகையில் முட்டாமல் கவர் புளொக் வைத்தார்களா என்று வார்க்கும் முன் நீங்களே குனிந்து பாருங்கள். கடல் மணல் கிட்டவும் வரக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் பவுசரில் நல்ல தண்ணீர் எடுங்கள். கொங்கிறீற்றின் பலம் கிரேட் 30க்குக் குறைய வேண்டாம். வார்த்த பிறகு ஏழு நாளாவது ஈரச்சாக்கு போட்டு நனைக்க வேண்டும். "மூன்று நாள் போதும்" என்று மேசன் சொல்வார், கேட்காதீர்கள்.

மேலே கட்டாயம் ஒரு நீட்டல் வையுங்கள், அதன் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்தில் காடி எடுங்கள். மழைத்தண்ணீர் அந்தக் காடியில் நின்று சொட்டும், சுவரில் வழியாது. பாசி படிந்து கறுத்துப்போன கொங்கிறீற் சுவர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் காடி இல்லை. குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே கட்டினால், நம்முடைய மாரி இரண்டு வருடத்தில் அதற்குத் தன் நிறத்தை அடித்துவிடும்.

அம்பாறை: வெக்கை தாங்காதே?

மேற்குச் சுவரில் நேராக வெயில் விழுந்தால் தாங்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் குடித்த சூட்டை இரவில்தான் சுவர் கக்கும். நிழல் கொடுங்கள், காற்று குறுக்கே ஓட வழி விடுங்கள். நம்முடைய நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் 1976–78இல் கட்டிய ஈட்டு வங்கிக் கட்டடத்தைப் பன்னிரண்டு மாடியிலும் இயற்கைக் காற்று போகும்படிதான் வடிவமைத்தார்.

சம்மாந்துறை: அப்படியென்றால் இலங்கையில் புருட்டலிசம் இருக்கிறதா? நம்முடைய பழைய கந்தோர்கள் அதில் சேருமா?

சுத்தமான புருட்டலிசம் குறைவு. அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் நிறைய உண்டு. பாவாவின் ஒருவல உருக்குக் கூட்டுத்தாபன அலுவலகம், வலன்டைன் குணசேகரவின் தங்காலை விரிகுடா ஹோட்டல் இரண்டும் கொங்கிறீற்றைத் துணிந்து பாவித்தவை. நம்முடைய பக்கத்துப் பழைய கந்தோர்களில் ஜன்னலுக்கு மேல் நீளும் கொங்கிறீற் தட்டு, படிக்கட்டுப் பக்கம் ஓட்டைபோட்ட சீமெந்துக் கல் சுவர் எல்லாம் இருக்கும். அவை அந்தக் காலத்து நல்ல புத்தி. இப்போது அதற்கு மேல் அலுமினியத் தகடு அடித்து, ஓட்டைகளை அடைத்து, ஏசி பூட்டுகிறார்கள். கரண்ட் போனால் உள்ளே இருக்க முடிவதில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாழைச்சேனை: பிடிக்காததை இடித்துப் புதிதாகக் கட்டினால் என்ன நட்டம்?

டெல்லியில் கட்டடக்கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியியலாளர் மகேந்திர ராஜும் 1972இல் கட்டிய ஹோல் ஒஃப் நேஷன்ஸ் மண்டபத்தை 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்தார்கள். அறுபது வயது ஆகாததால் அது மரபுரிமை இல்லை என்று காரணம் சொன்னார்கள். உருக்கு விலை கூடிய காலத்தில் கையால் வார்த்த கொங்கிறீற் முக்கோணங்களால் அவ்வளவு பெரிய கூரையைத் தாங்கிய மண்டபம் அது. இனி யாரும் அப்படிக் கட்டப்போவதில்லை. உலகத்தில் மனிதர் வெளிவிடச் செய்யும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு சீமெந்தால் வருகிறது. ஏற்கனவே வார்த்ததை உடைத்துவிட்டு மறுபடி வார்ப்பது அதற்குள்தான் சேரும்.

செங்கலடியிலிருந்து ஓர் உயர்தர மாணவி: சித்திரப் பாடச் செயற்றிட்டத்துக்கு இப்படியொரு கட்டடத்தை எடுக்கலாமா, சேர்? எங்கே தொடங்குவது?

எடுங்கள் மகள். உங்கள் ஊரிலேயே ஒரு பழைய கந்தோரையோ பள்ளிக்கூட மண்டபத்தையோ தேர்ந்தெடுங்கள். பின்நேரம் நாலு மணிக்குப் போய், நிழல் எங்கே விழுகிறது என்று பென்சிலால் கீறுங்கள். போனில் எடுத்தால் அது கைக்கு வராது. மழை நாளில் இன்னொரு தடவை போங்கள். அப்புறம் அங்கே கூட்டித் துடைக்கிற அக்காவிடம், எந்த இடத்தில் ஒழுகுகிறது, எந்த மூலையில் மத்தியானம் காற்று வரும் என்று கேளுங்கள். அந்தக் கட்டடத்தை அவவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். கீறியதை எனக்கும் காட்டுங்கள்.