டோஃபு சண்டைக்கு நடுவர் எதற்கு, தங்கச்சி?

கேள்வி:

அன்புள்ள அக்கா, சீனாவில் ஷென்ஜென் நகரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மாண்டரின் சீனம் ஓரளவு பேசுவேன், வாசிப்பேன். எங்கள் டீமில் 11 பேருக்கு வீசாட்டில் (இங்கே வாட்ஸ்அப் மாதிரி) ஒரு குழு இருக்கிறது. போன வாரம் அதில் டோஃபுவுக்கு இனிப்பா உப்பா என்று மூன்று நாள் சண்டை. வெய்போ என்கிற சமூக வலைத்தளத்தில் யாரோ போட்ட பதிவிலிருந்து ஆரம்பித்ததாம். என்னையும் கேட்டார்கள். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும், இதுக்குப் போய் சண்டையா?" என்று எழுதினேன். அதோடு குழுவே அமைதியாகிவிட்டது. அதே வாரம் பக்கத்து மேசைப் பெண் ஒரு ரிப்போர்ட் அனுப்பினாள். பதிலுக்குப் புன்னகை முகம் ஒன்றைப் போட்டேன். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வயிற்று வலி, லீவு வேண்டும் என்று எழுதிய அன்று ஒரு பையன் "வெந்நீர் குடி" என்றான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்தா சிரிக்கிறார்கள்? குழுவை விட்டு வெளியே வந்துவிடலாமா? (எனக்குப் பிடித்தது மிளகாய் எண்ணெய் ஊற்றிய டோஃபு. குழுவில் அதைச் சொல்லவில்லை.)

பெயர் வேண்டாம், ஷென்ஜென்

பதில்:

தங்கச்சி, குழுவை விட்டுப் போகாதே. நீ செய்ததெல்லாம் சின்னச் சின்னத் தப்பு, அதிலும் ஒன்று உன் தப்பே இல்லை. குவாங்ஜோவில் ஒன்பது வருஷம் இருந்தபோது இதைவிட மோசமாக நான் சொதப்பியிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டோஃபு. நீ இருக்கும் ஊரில் காலையில் தள்ளுவண்டியிலும் சின்னக் கடையிலும் விற்பார்களே, சோயாப் பாலை உறைய வைத்து, நம் ஊர்ச் சீம்பால் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும், கரண்டியால் மெல்லச் சீவி எடுத்துக் கிண்ணத்தில் போடுவார்கள். அதற்கு 'தோவ்ஃபு நாவ்' என்று பேர், அதாவது டோஃபு மூளை. உன் ஊர் இருக்கும் தென் மாகாணமான குவாங்டோங் பக்கம் கொஞ்சம் நாசூக்காக 'தோவ்ஃபு ஹுவா', டோஃபு பூ என்பார்கள். வடக்கே பழுப்பு நிறக் குழம்பு ஊற்றி, அதில் மரக்காளான், காய்ந்த அல்லி மொட்டு, மேலே கொத்தமல்லி. தெற்கே சர்க்கரைப் பாகு அல்லது இஞ்சிப் பாகு. சிச்சுவானில் மிளகாய் எண்ணெய், ஊறுகாய், மேலே மொறுமொறுவென்று வறுத்த சோயா. ஒரே பொருள்தான், ஆனால் வடக்கத்திய ஆளுக்கு அதில் சர்க்கரை போடுவது நமக்கு யாரோ ரசத்தில் வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்த மாதிரி. (வெல்லம் போடுகிற வீடுகளும் உண்டு, தெரியும், அதற்காக எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.)

இந்தச் சண்டைக்கு அங்கே கட்சிப் பெயரே உண்டு. இனிப்புக் கட்சி, உப்புக் கட்சி. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஓயவில்லை. 2013 மே மாதம் அமெரிக்க வெள்ளை மாளிகையின் மனு இணையதளத்தில் சீனர்கள் கூட்டமாகப் போய் மனு போட்டார்கள். ஆரம்பம் ஒரு பெண்ணுக்கு விஷம் வைக்கப்பட்ட பழைய வழக்கு, வேதனையான விஷயம். அதைத் தொடர்ந்து போன கூட்டத்தில் ஒருவர், தோவ்ஃபு நாவின் அதிகாரபூர்வமான சுவை எது என்று அமெரிக்க அரசு அறிவிக்க வேண்டும் என்று மனு கொடுத்துவிட்டார். பதில் வரும் என்று நம்பிக் கொடுத்ததா அது? எழுதினவருக்கும் சிரிப்பு, கையெழுத்துப் போட்டவருக்கும் சிரிப்பு.

ஐந்தாம் சந்திர மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா வந்தால் இதே சண்டை சோங்ஸிக்கு மாறும், இலையில் மடித்து வேக வைத்த ஒட்டரிசிப் பொட்டலம். வடக்கே அதற்குள் சிவப்பு இலந்தை, இனிப்புப் பருப்பு விழுது. தெற்கே, அதிலும் ஜெஜியாங்கில் இருக்கும் ஜியாசிங் ஊர்க்காரர்கள், கொழுப்போடு பன்றிக்கறியும் உப்பு முட்டைக் கருவும் வைப்பார்கள். கவனித்தாயா, டோஃபுவில் உப்புக் கட்சியாக இருந்த வடக்கு இங்கே இனிப்புக் கட்சி. யாருக்கும் கொள்கை கிடையாது. தக்காளி முட்டைப் பொரியலில் சர்க்கரை போடலாமா என்று கேட்டுப்பார், இன்னும் இரண்டு நாள் ஓடும்.

இப்போது உன் குழுவை நினைத்துப்பார். ஷென்ஜென் ஊரே வெளியூர்க்காரர்களால் ஆனது. உன் டீமில் ஹுனான் ஒன்று, வடகிழக்கு ஒன்று, சிச்சுவான் இரண்டு, உள்ளூர்க் குவாங்டோங் ஒன்று என்றுதான் இருப்பார்கள். நமக்குப் பொங்கல் மாதிரி அவர்களுக்கு வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு, அதற்குத்தான் வீட்டுக்குப் போவார்கள். அம்மா ஊற்றின குழம்பைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கிடைத்த சாக்கு இந்தச் சண்டை. அதில் நீ வந்து "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும், இதுக்கா சண்டை" என்றால், சீட்டாடிக்கொண்டிருந்த இடத்தில் விளக்கைப் போட்டு "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்ட மாதிரி. யாரும் உன் மேல் கோபப்படவில்லை, ஆட்டம்தான் கலைந்துவிட்டது. இந்த மாதிரிச் சண்டையில் தப்பான கட்சியில் சேர்ந்தால் திட்டுவார்கள், கேலி செய்வார்கள், அன்று முழுக்க உன்னைச் சுற்றித்தான் அரட்டை ஓடும். நடுவராக நின்றால் யாருக்கும் உன்னிடம் சொல்ல எதுவும் இருக்காது.

அப்புறம் புன்னகை முகம். இங்கேதான் நான் சொதப்பினேன். எனக்கு வீடு விட்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல், மாதாமாதம் கரண்ட் பில் தொகையை வீசாட்டில் அனுப்புவார், கடைசியில் அந்த மஞ்சள் முகம் ஒன்று. ஆஹா, எவ்வளவு அன்பான மனுஷி என்று நினைத்து நானும் எல்லோருக்கும் அதையே அனுப்பினேன். ஒருநாள் ஆபீஸில் இருபத்து மூன்று வயதுப் பெண் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்டுக்கார அம்மாவோட சண்டையா?" என்றாள். இல்லையே என்றேன். "அப்புறம் ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பார்த்துக்கறீங்க?"

அந்த முகத்தை நன்றாக உற்றுப் பார். வாய் மட்டும் வளைந்திருக்கும், கண் சிரிக்காது. அம்மா வயதுக்காரர்களுக்கு அது நிஜமாகவே புன்னகை. இளசுகளுக்கு அது "சரி, உன்னோட பேசி என்ன ஆகப்போகுது" என்கிற முகம். 'ஹெஹெ' என்று எழுதுவதும் அப்படித்தான், எங்கள் காலத்தில் சிரிப்பு, இப்போது ஏளனம். சிரித்தால் 'ஹாஹாஹா', குறைந்தது மூன்று ஹா. ஒரே ஒரு 'ஹா' போடுவதற்குப் பேசாமல் இருந்துவிடலாம். 'உம்' என்று ஒற்றையாகப் போடுவதும் முறைப்பு, 'உம் உம்' என்று இரட்டையாகப் போட்டால் செல்லம். 'இருக்கீங்களா?' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதே, கடன் கேட்கப்போகிறாய் என்று பதறுவார்கள். 60 விநாடிதான் ஒரு குரல் செய்திக்கு உச்சவரம்பு, அதையே வரிசையாக ஏழெட்டு அனுப்புகிற மேனேஜர்களைப் பற்றி ஒரு ஜோக் புத்தகமே போடலாம்.

அதனால் பக்கத்து மேசைப் பெண் என்ன நினைத்திருப்பாள்? இரவு வரைக்கும் உட்கார்ந்து ரிப்போர்ட் செய்தவளுக்கு நீ "பார்த்தேன், போ" என்று சொல்லிவிட்டாய். செய்தியைத் திரும்பப் பெற வீசாட்டில் இரண்டு நிமிடம்தான், அது போய்விட்டது. நாளைக்கு நேரில் போய், "எங்க ஊர்ல அது நல்ல சிரிப்பு, இங்க இப்படின்னு நேத்துதான் ஒரு அக்கா சொன்னாங்க" என்று சொல். கூடவே ஒரு பால் டீ வாங்கிக்கொண்டு போ. அவளே உன் புன்னகை முகத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டுச் சிரிப்பாள், போடட்டும்.

வெந்நீர் விஷயத்தில் உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தார்கள். சீனாவில் எந்த வலிக்கும் வெந்நீர்தான் முதல் வைத்தியம் என்று உனக்கே தெரியும், ரயிலில்கூட பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் குழாய் இருக்கும், ஆளுக்கொரு ஃபிளாஸ்க். அதிலிருந்து ஒரு ஜோக் பிறந்தது. காதலி காய்ச்சல் என்றாலும் வெந்நீர் குடி, வயிற்று வலி என்றாலும் வெந்நீர் குடி, வேலை போய்விட்டது என்றாலும் வெந்நீர் குடி என்று சொல்கிற உப்புச்சப்பில்லாத காதலன். 'நிறைய வெந்நீர் குடி' என்பது இப்போது அக்கறையே இல்லாத ஆணின் அடையாள வசனம். உன் டீம் பையன் பாவம், நிஜமாகவே அக்கறையோடு சொல்லியிருப்பான், பொறியில் மாட்டிக்கொண்டான். அடுத்த முறை அவனுக்குத் தலைவலி என்றால் நீ சொல், வெந்நீர் குடி என்று. 'ஹாஹாஹா' எத்தனை வருகிறது பார்.

இந்தக் காதலன் ஜோக்குகளுக்கெல்லாம் தாத்தா ஒன்று உண்டு, அம்மாவும் காதலியும் தண்ணீரில் விழுந்தால் யாரை முதலில் காப்பாற்றுவாய் என்ற கேள்வி. 2015இல் வக்கீல், நீதிபதி ஆவதற்கான தேசியத் தேர்விலேயே அதன் தம்பி வந்துவிட்டான். தண்ணீருக்குப் பதில் தீ விபத்து, மகன் அம்மாவை விட்டுவிட்டுக் காதலியைக் காப்பாற்றுகிறான், குற்றமா? குற்றம்தான், பெற்றோரைக் காப்பாற்றுவது அவனுக்குச் சட்டப்படி கடமை என்பது விடை. அன்றைக்கு இணையத்தில் மாமியார்கள் பக்கம் ஒரே கொண்டாட்டம்.

குழுவில் வரும் சிலேடை புரியாவிட்டாலும் வருத்தப்படாதே. அந்த மொழியில் ஒரே ஒலிக்கு ஏகப்பட்ட சொல், அதனால் எண்ணை வைத்துக்கூட விளையாடுவார்கள். 520 என்றால் ஐ லவ் யூ, 88 என்றால் பை பை, 555 என்றால் அழுகை, 666 என்றால் பின்னிட்டே. 250 என்றால் மடையன், அதனால் சாப்பாட்டுக் கணக்கில் உன் பங்கு 250 யுவான் வந்தால் 251ஆக அனுப்பு. தென் சீனாவில் வீட்டுக்கு மைய வெப்பக் குழாய் கிடையாது, சின்லிங் மலையும் ஹுவாய் ஆறும் எல்லை, அதற்கு வடக்கேதான் அந்த வசதி. அதற்கு ஒரு வரி உண்டு, வடக்கத்தியான் குளிரைத் தாண்டுவது 'நுவான்ச்சி'யால், தெற்கத்தியான் தாண்டுவது 'ஜெங்ச்சி'யால். முன்னது வெப்பக் குழாய், பின்னது நேர்மை. குளிர்காலத்தில் டீமில் இதைச் சொல்லிப்பார், தெற்கத்தியர்கள் கண்ணீரோடு கை கொடுப்பார்கள்.

2016இல் குவாங்சியின் நான்னிங் ஊர்க்காரர் ஒருவர் காதல் தோல்வியில் ஒரு வீடியோ போட்டார். "வேதனையா இருக்கு, அழணும் போல இருக்கு" என்றுதான் சொன்னார், ஆனால் ஊர் உச்சரிப்பில் அது 'நீலம் ஒல்லி காளான்' என்று கேட்டது. நாடே அதைப் பிடித்துக்கொண்டது. உனக்கும் மாண்டரினில் நாக்கு சறுக்கும். சறுக்கினால் நீயே முதலில் சிரி.

ஒரு இடத்தில் மட்டும் நீ பயந்ததும் சரி. எல்லாமே விளையாட்டுச் சண்டை கிடையாது. அதே குழுவில், அதே கேலித் தொனியில் வேறு சில விஷயங்களும் வரும். காலை 9 முதல் இரவு 9, வாரம் 6 நாள் என்கிற '996' பற்றி ஜோக் வரும். சட்டப்படி அது கூடாது, 2021 ஆகஸ்டில் அங்கே உச்ச மக்கள் நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது, ஆனால் உன் ஆபீஸில் இரவு எட்டு மணிக்கு எத்தனை விளக்கு எரிகிறது என்று உனக்குத்தான் தெரியும். 'இனி நான் மல்லாந்து படுக்கப்போறேன்' என்று யாராவது எழுதினால் அது 2021இல் பரவின 'தாங்பிங்', ஓடி ஓடிச் சலித்தவன் சொல்வது. அவன் நிஜமாகப் படுக்கவும் மாட்டான், வேலையை விடவும் மாட்டான். அவனுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்காதே. அதே மாதிரி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் 'சாய்லி' பணம் எவ்வளவு நியாயம், வசந்த விழாவுக்கு ஊருக்குப் போனால் அத்தைமார் கல்யாணம் எப்போ, சம்பளம் எவ்வளவு என்று குடைவது, கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது, இதெல்லாம் சிரித்துக்கொண்டே பேசுவார்கள், ஆனால் யாரோ ஒருவருக்கு அந்த மாதம்தான் அது வீட்டில் நடந்துகொண்டிருக்கும். நம் ஊர் வரதட்சிணையை ஒப்பிட்டு நீ இரண்டு பத்தி எழுதத் தேவையில்லை. அங்கே தர்பூசணி தின்கிற கூட்டம் என்று ஒரு வழக்குச் சொல் உண்டு, சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்கள். அந்த இடத்தில் நீ ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு உட்கார்.

எது விளையாட்டு, எது புண் என்று எப்படித் தெரியும்? எனக்கு ஒரு வழிதான் தெரியும். தோற்றால் யாருக்காவது பணமோ தூக்கமோ போகுமா என்று பார்ப்பேன். டோஃபுவில் யாருக்கும் எதுவும் போகாது.

மலேசியாவில், சிங்கப்பூரில் நமக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப்பார், அங்கே அது 'தாவ் ஃபூ ஃபா', சர்க்கரைப் பாகோடுதான். அந்தப் பக்கம் போன சீனர்கள் பெரும்பாலும் ஃபூஜியான், குவாங்டோங் ஆட்கள், தெற்கத்தியர்கள். ஆக அங்கே வளர்ந்த தமிழர்களும் தெரியாமலே இனிப்புக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

நீ என்ன செய்கிறாய் என்றால், நாளைக்குக் காலையில் சிச்சுவான் கடையைத் தேடி ஒரு கிண்ணம் வாங்கு. மிளகாய் எண்ணெய் மேலே மிதக்கிற மாதிரி ஒரு படம் எடு. குழுவில் போட்டு, "போன வாரம் பயந்து சொல்லவில்லை. இனிப்பும் வேண்டாம், உப்பும் வேண்டாம், இதுதான் டோஃபு" என்று எழுது. எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார். பத்து நிமிடத்தில் சிச்சுவான்காரர்கள் இரண்டு பேரும் உன் பக்கம் வந்துவிடுவார்கள், மற்றவர்கள் ஒன்று சேர்ந்து உன்னைத் திட்டுவார்கள்.

என் கட்சி இஞ்சிப் பாகு. மிளகாய் எண்ணெயைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நீ அடுத்த கடிதம் எழுதும்போது வைத்துக்கொள்கிறேன்.